அறுக்கத் தெரிந்தவன்

காம்பில் நான் செய்த முதல் பிழை ஒரு கோழியை அறுத்தது. அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு பருப்பையும் சோற்றையும் தின்றுவிட்டுப் பங்கருக்குள் போயிருந்தால், என் மகளின் ஏழாம் நாளுக்கு நான் வீட்டில் இருந்திருப்பேன். பல வருஷமாக இதைப் பல விதமாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன். வேறு காரணம் எதுவும் அகப்படவில்லை.

அது போரின் கடைசிக் காலம். வன்னியில் முன்னரங்கின் ஒரு துண்டு எங்கள் பிளட்டூனிடம் இருந்தது. முப்பது பேருக்குக் கொஞ்சம் குறைவு. குருநாகல், மொனராகலை, அநுராதபுரம் பக்கத்துக் கிராமத்துப் பொடியன்கள். அவர்களுக்குள் கல்முனைக்குடியிலிருந்து போன நான் ஒருவன்தான் முஸ்லிம், நான் ஒருவன்தான் தமிழ் பேசுகிறவன். ஏன் ஆமிக்குப் போனாய் என்று ஊரில் இன்றைக்கும் கேட்கிறார்கள். எதிரில் நின்ற இயக்கத்தின் மேல் எங்கள் சனத்துக்குக் கோபம் இருந்தது, எனக்கும் இருந்தது. ஆனால் வெறும் கோபத்துக்காக எவனும் விடியற்காலையில் எழும்பி மூட்டையைச் சுமந்துகொண்டு ஓடமாட்டான். எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் என்று சொன்னால் பெண் வீட்டார் மேற்கொண்டு கேள்வி கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான் என் வீரம்.

அந்த நாட்களில் தொலைக்காட்சியில் எங்களைப் பற்றிப் பாட்டுப் போட்டார்கள். பாட்டில் வருகிறவன் துவக்கைத் தூக்கிக்கொண்டு சூரியனைப் பார்த்து நிற்பான். நாங்கள் சேற்றுக்குள் உட்கார்ந்து கால்விரல் இடுக்கில் தோல் உரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சப்பாத்தைக் கழற்றினால் வருகிற நாற்றத்துக்கு எவனும் பாட்டுக் கட்டவில்லை. சண்டை என்பது எப்போதாவது வரும். மற்ற நேரமெல்லாம் காத்திருப்பதுதான். எங்கள் பேச்சில் மூன்று விஷயம் இருந்தது: கால், சாப்பாடு, லீவு. நாடு என்ற சொல்லை அங்கே நான் கேட்டது பெரியவர்கள் யாராவது வந்து பேசும்போது மட்டும்தான்.

லீவுப் பட்டியல் சார்ஜன்டின் பங்கரில் ஒரு மட்டையில் குத்தப்பட்டிருக்கும். வேலை இல்லாவிட்டாலும் எல்லோரும் ஏதாவது சாட்டுச் சொல்லிக்கொண்டு உள்ளே போய் அதை ஒரு தடவை பார்த்துவிட்டு வருவார்கள். லீவு நெருங்கியவன் முகம் மழிக்கமாட்டான். மழித்தால் லீவு போய்விடும் என்று யாரோ எப்போதோ சொல்லி, அது சட்டமாகிவிட்டது. தாடியைப் பார்த்தே யார் அடுத்து வீட்டுக்குப் போகிறான் என்று சொல்லிவிடலாம்.

சாப்பாடு பின்னாலிருந்து பார்சலாக வரும். வந்து சேரும்போது பாதி நாள் புளித்திருக்கும். அதில் எப்போதாவது இறைச்சித் துண்டு கிடந்தால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிடுவேன். யார் அறுத்தது, எப்படி அறுத்தது என்று தெரியாத இறைச்சி எனக்கு ஆகாது. இரண்டு மாதத்துக்கு மேல் பருப்பு, சோயா, கருவாடு. எங்கள் வீட்டு இறைச்சி ஆணம் கனவில் வரத் தொடங்கியிருந்தது.

அப்படி இருக்கும்போது ஒருநாள், ரோந்து போன இரண்டு பேர் ஐந்து கோழிகளைக் கால் கட்டித் தடியில் தொங்கவிட்டுக்கொண்டு வந்தார்கள். எல்லோருக்கும் வாயில் தண்ணீர் ஊறிவிட்டது. சமையல்காரன் கத்தியை எடுத்தான், கோழியைப் பார்த்தான், கத்தியைக் கீழே வைத்தான். தன் அம்மா சீலம் எடுக்கிறவள், உயிரைக் கொல்லக் கூடாது என்றான். நீ செய், நீ செய் என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். என்னோடு ஒரே பங்கரில் இருந்த மொனராகலைக்காரன் எங்கள் பிளட்டூனின் பெரிய துவக்கைப் பிடிக்கிறவன். அன்று காலையில்கூட ஒரு பெட்டிக் குண்டைச் சுட்டு முடித்திருந்தான். அவனிடம் கத்தியை நீட்டினார்கள். அவன் இரண்டடி பின்னால் போனான். காலையில் சுட்டாயே என்று நான் கேட்டேன். "அது டியூட்டி. இது உயிர்" என்றான்.

பகிடிக்குச் சொல்லவில்லை. அவன் முகம் உண்மையாகவே வெளிறியிருந்தது.

நான் அறுக்கிறேன் என்று நான்தான் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை. இறைச்சி தின்ன வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான். கோழிகளின் கண்ணில் படாமல் தள்ளிப்போய்க் கத்தியைத் தீட்டினேன். ஒவ்வொன்றாகத் தொழுகிற திசைக்கு, கிப்லாப் பக்கம் திருப்பி, பிஸ்மில்லாஹ் சொல்லி, அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்லி அறுத்தேன். தக்பீரைச் சத்தமாகச் சொல்லாதே, எதிரில் இருப்பவன் புதிதாக ஒரு பட்டாளம் வந்துவிட்டது என்று நினைக்கப் போகிறான் என்று மொனராகலைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அன்றைக்கு நன்றாகத் தின்றேன். முகத்தைத் திருப்பியவன் என்னைவிட நன்றாகத் தின்றான்.

அன்றிலிருந்து நான் நானா ஆகிவிட்டேன். எங்கள் ஊரில் மூத்தவனைக் காக்கா என்போம். நானா என்பது சிங்களவர்கள் முஸ்லிம்களைக் கூப்பிட வைத்திருக்கும் சொல். அதுவரை என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். எது அகப்பட்டாலும் நானாவைக் கூப்பிடு. ஆடு வந்தால் நானா, மாட்டுக்கன்று வந்தால் நானா. பக்கத்துப் பிளட்டூனிலிருந்தும் ஆள் அனுப்பினார்கள். பட்டறையில் லொறி ஸ்பிரிங்கை வெட்டி எனக்கென்று ஒரு கத்தி அடித்துத் தந்தார்கள். ஈரல் எனக்கு. அறுக்கிற நாளில் எனக்குச் சென்றிக் காவல் இல்லை.

எனக்கு அது பிடித்திருந்தது. இதை மறைத்து எழுதினால் மற்றதெல்லாம் பொய்யாகிவிடும். தமிழ் பேசுகிறவன் என்பதற்காக என்னை ஓரக்கண்ணால் பார்த்தவர்கள் இப்போது தோளில் கை போட்டார்கள். அந்தக் கையின் கணக்கு எனக்கு வெகுநாள் கழித்துத்தான் விளங்கியது. அவர்கள் தின்ன வேண்டும், பாவம் என்னோடு நிற்க வேண்டும். பாவத்தை வைப்பதற்குத் தோதாக ஒரு ஆள் கிடைத்தான், அவனும் சந்தோஷமாகக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்து நின்றான்.

அந்த ஆடுமாடுகள் எங்கிருந்து வந்தன என்று கேட்க வேண்டியதில்லை. முன்னுக்குப் போகப் போக வெறும் வீடுகள்தான். சனம் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு போயிருந்தது. கொண்டுபோக முடியாதது நின்றது. எங்களுக்குச் சவளக்கடையில் கொஞ்சம் வயல் உண்டு, மாடும் இருந்தது. குறி சுட்ட மாட்டைப் பார்த்தால் அதற்கு ஆள் இருக்கிறான் என்று எனக்குத் தெரியும். சிங்களப் பொடியன்களுக்கு அந்தக் குறி வெறும் கோடு. எனக்கு அது எழுத்து. வீடுகளுக்குள் போனால் சுவரில் கலண்டர், அதில் பால் கொடுத்த நாளுக்குப் புள்ளி, பிள்ளையின் பள்ளிக்கூடக் கொப்பி. என்ன எழுதியிருக்கிறது என்று சார்ஜன்ட் கேட்பார். ஒன்றுமில்லை சேர், பள்ளிப்பாடம் என்பேன்.

அடுத்தவனின் பொருளைத் தின்பது ஹராம் என்று ஓதப்போன முதல் வருஷமே சொல்லித் தந்திருக்கிறார்கள். அதன் கழுத்தில் பிஸ்மில்லாஹ் சொல்லிக் கத்தி வைத்தால் ஹலாலாகிவிடுமா? லீவில் ஊருக்குப் போனபோது பள்ளிவாசல் மௌலவியிடம் கேட்டிருக்கலாம். பதில் தெரிந்த கேள்வி என்பதால் கேட்கவில்லை. ஈரலைத் தின்றேன்.

இதற்கிடையில் என் மனைவிக்கு மாதம் நிறைந்துகொண்டிருந்தது. முதல் பிள்ளை. எங்களில் பிள்ளை பிறந்த ஏழாம் நாள் தலைமுடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா என்று ஆடு அறுத்துப் பங்கு வைப்போம். ஆண்பிள்ளைக்கு இரண்டு, பெண்பிள்ளைக்கு ஒன்று. பெற்ற வாப்பாவே தன் கையால் அறுப்பது விசேஷம். அநேகம் பேருக்கு அறுக்கத் தெரியாது, பள்ளிவாசலில் ஓதுகிற லெப்பையைக் கூப்பிடுவார்கள். நான் காடெல்லாம் அறுத்துத் திரிகிறவன். என் பிள்ளைக்கு நான் அறுக்காமல் வேறு யார் அறுப்பது? மனைவியின் தம்பியிடம், என் மச்சானிடம், நல்ல கிடாய் ஒன்றைப் பார்த்துக் கட்டிவைக்கச் சொல்லி எழுதியிருந்தேன். லீவுப் பட்டியலில் என் பெயர் பிள்ளை பிறக்கும் என்று சொன்ன வாரத்துக்கு ஏறியிருந்தது. நானும் முகம் மழிப்பதை நிறுத்திவிட்டேன்.

பிள்ளை பிறந்த செய்தி வந்ததும் பின்னால் இருந்த தொடர்பு நிலையத்தில் ஒரு அழைப்புக்கு அனுமதி கிடைத்தது. அங்கே ஒரு சட்டம். போனில் சிங்களத்தில்தான் பேச வேண்டும். தமிழில் பேசினால் யாரோடு என்ன பேசுகிறான் என்று பக்கத்தில் நிற்கும் கோப்ரலுக்கு விளங்காது. என் மனைவிக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கோப்ரலிடம் இதைச் சொன்னேன். சட்டம் சட்டம்தான் என்றான். கெட்டவன் இல்லை, சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.

அவள் பக்கத்தில் பிள்ளை அழும் சத்தம் கேட்டது. நான் சிங்களத்தில் சுகமா என்று கேட்டேன்.

"பொம்புளப் புள்ள" என்றாள். "உங்கட மூக்குத்தான். நீங்க என்ன கதைக்கிறீங்க? எனக்கு ஒண்டும் வெளங்குதில்ல."

நான் மறுபடியும் சிங்களத்தில் ஏதோ சொன்னேன். அவள் பயந்துவிட்டாள். பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா, ஏதும் நடந்துவிட்டதா என்று கேட்டாள். குரல் அழுகைக்குப் போனது. அப்போது எனக்குக் கோபம் தலைக்கேறியது. கோப்ரலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தமிழில் சொன்னேன்.

"ஏழாம் நாளைக்கு வந்திருவன். கிடாயில ஒருத்தரும் கை வெக்க வேணாம். என்ட புள்ளைக்கு நான்தான் அறுப்பன்."

அவள் "ஓம்" என்றாள். கோப்ரல் கையை நீட்டி இணைப்பை அறுத்தான். பெயரைச் சொல்ல முடியவில்லை. நான் மனதில் வைத்திருந்த பெயர் என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

பிள்ளை பிறந்த நாலாம் நாள் காலையில் லீவு ட்ரக். அதில் ஏறினால் மறுநாள் பின்னேரத்துக்குள் கல்முனை. மூட்டையைக் கட்டிவிட்டேன். சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது சார்ஜன்ட் கூப்பிட்டார். நல்ல மனிதர், நான் அறுத்த இறைச்சியைப் புகழ்ந்து பேசுகிறவர். உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னபோதே எனக்கு விளங்கிவிட்டது.

கட்டளை அதிகாரி, பெரிய சேர், வருகிறாராம். பிளட்டூன் பிடித்த இடத்தைப் பார்த்து, பொடியன்களோடு ஒரு வேளை சாப்பிட்டு, உற்சாகப்படுத்திவிட்டுப் போவதாக ஏற்பாடு. இரண்டு ஆடும் ஒரு கன்றும் பிடித்துக் கட்டியிருக்கிறார்கள். சாப்பாடு இன்னும் நாலு நாளில், பகலுக்கு. அதற்கு முந்தின நாள் பின்னேரமே அறுத்தால்தான் சரிவரும். முந்தின நாள் போயா, பௌர்ணமி, பௌத்தர்கள் உயிரைக் கொல்லாத நாள்.

"சாதாரண நாளிலேயே இவன்கள் கத்தியைத் தொடமாட்டான்கள்" என்றார். "போயாவில் யார் செய்வான்? நீ போய்விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை, நானா."

நான் விரலை மடித்து எண்ணிப் பார்த்தேன். போயா நாள்தான் என் மகளின் ஏழாம் நாள். அதைச் சொன்னேன். எங்கள் வழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். ஆடு அறுப்பதுதானே, அங்கே யாராவது அறுப்பார்கள் என்றார். நான்கைந்து நாளில் அடுத்த ட்ரக் வரும், அதில் இரண்டு நாள் கூடுதலாகத் தந்து அனுப்புகிறேன் என்றார். முடியாது என்று சொல்லியிருக்கலாம். கத்தியை அவர் மேசையில் வைத்திருக்கலாம். காவலில் போட்டிருப்பார்கள், அதற்கு மேல் என்ன செய்திருப்பார்கள்? ஆனால் நான் எழும்பி, நேராக நின்று, சரி சேர் என்றேன்.

ட்ரக்கில் என் இடத்துக்கு மொனராகலைக்காரன் ஏறினான். பட்டியலில் அடுத்தவன் அவன்தான், அவன் மேல் பிழை இல்லை. ஏறும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கோழி அறுக்கும்போது திருப்பிக்கொள்வானே, அதே மாதிரித் திருப்பிக்கொண்டான்.

ஏழாம் நாள் பின்னேரம் கத்தியைத் தீட்டினேன். முகாமே வெள்ளை மனதோடு இருந்தது. சமையல்காரன் ஒரு தகர டப்பாவில் பூ வைத்து விளக்கேற்றியிருந்தான். நான் வேலை செய்கிற பக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. கன்றைக் கட்டிப்போட ஆள் கேட்டேன். இரண்டு பேர் வந்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, வேறு பக்கம் பார்த்தார்கள்.

கன்று முடிந்தது. ஒரு ஆடு முடிந்தது. இரண்டாவது ஆடு வெள்ளைக் கிடாய், சின்னது. படுக்க வைத்துக் கழுத்தைத் தடவியபோது மயிருக்குள் ஏதோ தட்டுப்பட்டது. றிபன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் பின்னலில் கட்டுகிற வெள்ளை றிபன், அழுக்கேறி மயிரோடு ஒட்டிப்போயிருந்தது. ஏதோ ஒரு பிள்ளை தன் தலையிலிருந்து அவிழ்த்துக் கட்டியிருக்கிறாள். முடிச்சு இறுகியிருந்தது. நகத்தால் கிளறி அவிழ்த்தேன். ஆடு பழகின ஆடு. நான் அவிழ்க்கும்வரை அசையாமல் கிடந்தது.

அப்போது எனக்கு ஒரு எண்ணம் வந்தது. இன்றைக்கு ஏழாம் நாள். கையில் கிடாய் இருக்கிறது, கத்தி இருக்கிறது. இது என் மகளுக்கு என்று நிய்யத்து வைத்தால் என்ன? கூடாது என்று தெரியும். இன்னொரு வாப்பாவின் ஆடு, இன்னொரு பெண்பிள்ளையின் ஆடு. தெரிந்துகொண்டே வைத்தேன். யா அல்லாஹ், இது என் பிள்ளைக்காக என்று மனதுக்குள் சொல்லிக் கத்தியை இழுத்தேன். அதைவிடக் கேவலமான ஒன்றை அந்தப் போரில் நான் செய்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. துவக்கால் செய்தது டியூட்டி என்று நானும் சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அப்படி ஒரு சொல் இல்லை.

றிபனை எங்கே போட்டேன் என்று தெரியாது.

மறுநாள் பெரிய சேர் வந்தார். பங்கர்களைப் பார்த்தார், தேத்தண்ணீர் குடித்தார், படம் எடுத்தார்கள். போயாவைத் தொட்டு ஒரு வாரத்துக்குத் தனக்கு மரக்கறிதான் என்று சொல்லி வாழைப்பழம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். பொடியன்களின் மனோதிடம் திருப்தியாக இருப்பதாகச் சார்ஜன்டிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். முழுதாக அரை மணித்தியாலம் இருக்காது. அவர் சொன்னது பொய்யில்லை. அன்றைக்கு எல்லோரும் வயிறு முட்டத் தின்று, தகரத்தில் தாளம் போட்டுப் பாடினார்கள். நான் தின்னவில்லை. நானாவுக்கு வீட்டு யோசனை என்று பகிடி பண்ணினார்கள்.

அடுத்த ட்ரக் வரவில்லை. முன்னேறச் சொல்லி உத்தரவு வந்து எல்லா லீவும் நின்றுபோனது. மொனராகலைக்காரன் திரும்பி வந்ததும் இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. பிறகு ஒருநாள் என் கத்தியை எடுத்துக்கொண்டுபோய், அதன் மரப்பிடியில் ஆணியால் சிங்கள எழுத்தில் நானா என்று அழகாகச் செதுக்கிக் கொண்டுவந்தான். "உன் மகளுக்கு இதாலேயே அறு" என்றான். அவனால் முடிந்த மன்னிப்பு அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

நான் வீட்டுக்குப் போனபோது பிள்ளைக்கு ஏழு கிழமை, கிட்டத்தட்ட ஐம்பது நாள். பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல பெயர்தான், நான் நினைத்தது அல்ல. ஆனால் ஆடு அறுக்கவில்லை. கிடாய் கிணற்றடியில் கட்டியபடி நின்றது. ஏழாம் நாள் லெப்பை வந்து, மாமனார் வந்து, மச்சான் கத்தியோடு நின்று, எல்லோரும் சொல்லியும் அவள் விடவில்லையாம். அவர் வந்து அறுப்பார் என்று ஒரே பிடிவாதம். பதினாலில் அறுக்கலாம், இருபத்தொன்றில் அறுக்கலாம் என்றார்கள். அதற்கும் விடவில்லை. தெருவெல்லாம் கதைத்திருக்கிறது. அவள் தினமும் கிடாய்க்குக் குழை போட்டு, நான் சொன்ன ஒரு வார்த்தையைக் கட்டிக் காத்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் எல்லோரையும் கூப்பிட்டோம். துவாயில் சுற்றிக் கொண்டுவந்த கத்தியைத் தீட்டினேன். மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். கிடாயைப் படுக்க வைத்தேன், மச்சான் காலைப் பிடித்தான். நன்றாகப் பழகிய கை என்னுடையது. அது தானாகக் கழுத்துக்குப் போய், மயிருக்குள் விரலை விட்டு, எதையோ தேடத் தொடங்கியது. இல்லாத றிபனை அவிழ்க்கப் பார்த்தது. பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு நான் அறுக்க இடம் பார்ப்பதாகத் தோன்றியிருக்கும்.

நான் எழும்பிவிட்டேன். முடியவில்லை, நீ அறு என்று மச்சானிடம் சொன்னேன். அவன் தன் கத்தியை எடுத்து வந்து அறுத்தான். லெப்பை துஆ ஓதினார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, ஆமிக்காரனிடம் சனம் அதிகம் கேட்பதில்லை. எல்லோரும் போன பிறகு மனைவி ஒன்றே ஒன்று கேட்டாள்.

"உங்கட கைக்கெண்டுதானே ஏழு கிழமையா கட்டி வெச்சிருந்தன். இதுக்கா?"

சொல்லியிருக்கலாம். றிபனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினால், யாருடைய ஆடு என்று சொல்ல வேண்டும், நான் வைத்த நிய்யத்தைச் சொல்ல வேண்டும். களைப்பு என்று சொன்னேன். அவள் கத்தியைத் துவாயில் சுற்றி அலுமாரிக்கு மேல் வைத்தாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசவில்லை, நானும் பேசவில்லை. போர் முடிந்தது, ஆமியை விட்டேன், பஸாரில் சின்னதாகக் கடை போட்டேன். ஹஜ்ஜுப் பெருநாளைக்கு என்னை அறுக்கக் கூப்பிடுவார்கள். இடுப்பு வலி என்பேன்.

பதினொரு வருஷம் அந்தக் கத்தி அங்கேயே இருந்தது.

அந்த வருஷம் ஈஸ்டர் ஞாயிறன்று தேவாலயங்களில் குண்டு வெடித்தது. வெடிக்க வைத்தவர்கள் எங்கள் மாதிரிப் பெயர் வைத்திருந்தவர்கள். அடுத்த நாட்களில் எங்கள் கரை முழுவதும் தேடுதல் தொடங்கியது. சனம் தேங்காய் உரிக்கிற கத்தியைக்கூடக் கொண்டுபோய்க் கடலில் போட்டது. மனைவி அலுமாரியைக் காட்டி, இதை என்ன செய்வது என்று கேட்டாள். நான் ஆமியில் இருந்தவன், என்னை யார் என்ன கேட்பது என்று பெரிதாகச் சொன்னேன். பிழை செய்வதில் எனக்குக் குறைவே இல்லை.

தேடுதலுக்கு வந்த ஆமிப் பொடியனுக்கு நான் அன்று இருந்த வயதுதான் இருக்கும். கதிரை போட்டு ஏறி அலுமாரிக்கு மேலே கையை விட்டான். துவாயை அவிழ்த்தான். கத்தியைப் பார்த்ததும் மற்றவர்களும் உள்ளே வந்துவிட்டார்கள். பிடியில் இருந்த சிங்கள எழுத்தை ஒருவன் எழுத்துக்கூட்டி வாசித்து, மற்றவனைப் பார்த்துச் சிரித்தான். நான் என்னை அறியாமல் காலைச் சேர்த்து நேராக நின்றுவிட்டேன். என் படைப்பிரிவு, என் இலக்கம், எந்த முனையில் இருந்தேன் என்று சிங்களத்தில் சொன்னேன். அவர்களில் பொறுப்பானவன் காதுகொடுத்துக் கேட்டான். குரலில் மரியாதை கொஞ்சம் ஏறியது. ஆனால் கண் கத்தியை விட்டு எடுபடவில்லை.

இவ்வளவு பெரிய கத்தி வீட்டில் எதற்கு, இதால் என்ன செய்தாய் என்று கேட்டான்.

உன் அண்ணன்மாருக்குச் சோறு போட்டேன் என்று சொல்ல வாய் வரை வந்தது. முழுங்கினேன். மகள் குசினி வாசலில் தாயின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுடைய கேள்வி என் மனைவிக்கு எப்படி விளங்கியதோ தெரியாது. கத்தியைக் காட்டிக் கேட்டதால் விளங்கியிருக்கும். அவள் முன்னுக்கு வந்தாள். அவனைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துத்தான் சொன்னாள்.

"இது இந்தப் புள்ளைக்கு அறுக்கெண்டு கொண்டுவந்த கத்தி. அறுக்கவேயில்ல. ஏனெண்டு இவருக்கிட்டக் கேளுங்க. நான் பதினொரு வருஷமா கேக்காம இரிக்கன்."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பொறுப்பானவனும் என்னைப் பார்த்தான். அவனுக்குத் தமிழ் தெரியாது. அவள் என்ன சொல்கிறாள் என்று என்னிடம் கேட்டான்.

"சமையல் கத்திதான் என்று சொல்கிறாள், சேர்" என்றேன்.